கதைக்குக் காலில்லை

(டெல்லியில் நடந்த கதைசொல்லிகள் விழாவின் இரண்டாம் நாள் மாலை பேசியது. இடையில் மைக் அலறியதும் நான் தண்ணீர் குடித்ததும் நீக்கப்பட்டிருக்கின்றன.)

விழாத் தலைவர் அவர்களே, கரோல் பாக் அறையில் எனக்குச் சோறு பொங்கிப் போட்ட காலத்திலிருந்து அண்ணன் முறையாகிவிட்ட முன்னாள் செயலாளர் அவர்களே, காய்ச்சலோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரம்மா அவர்களே (உங்களுக்கே காய்ச்சல் என்றால் நாங்கள் யாரிடம் போவது?), துவாரகாவிலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் மெட்ரோ மாறி வந்திருக்கும் பெரியோர்களே, சமையற்கட்டில் இருப்பதால் என் பேச்சைக் கேட்காமல் தப்பித்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் எனக்கு 20 நிமிடம் கொடுத்தார். அவருக்கு நான் சால்வை போட்டதில் 3 நிமிடம், எனக்கு அவர் போட்டதில் 2 நிமிடம். மிச்சம் 15.

மூன்று விஷயங்களைச் சீட்டில் எழுதி வந்திருக்கிறேன். கதைசொல்லி என்பவர் யார். அவரை எப்படித் தொலைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் கதைக்கு என்ன இடம். மூன்றாவதைச் சொல்லும்போது டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். பார்ப்போம்.

எங்கள் ஆச்சி கதையை எடுக்கும் முன்னால், ‘கதைக்குக் காலில்லை, கொழுக்கட்டைக்குத் தலையில்லை’ என்பாள். ‘ராஜா உயிரை எப்படி ஆச்சி கிளிக்குள்ளே வைச்சான்?’ என்று நடுவில் கேட்டால் அதே பதில்தான் வரும்: ‘கதைக்குக் காலில்லைல, பேசாம கேளு.’ வாயை அடைக்கச் சொல்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகு வேறு மாதிரி படுகிறது. காலில்லாதது தானாக நடந்து வருமா? யாராவது இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

நேற்று இதே மேடையில் பண்டவானி பார்த்தீர்கள். மகாபாரதத்தைப் பாடிச் சொல்லும் சத்தீஸ்கர்க் கலை. தீஜன் பாய் அம்மையாருக்கு 2019இல் பத்ம விபூஷண் கொடுத்தார்களே, அவரால் உலகறிந்த கலை. கையில் ஒரு தம்பூரா. வீமன் வந்தால் அதுவே கதாயுதம், அர்ச்சுனன் வந்தால் அதுவே வில். நம் ஊர் வில்லுப்பாட்டில் வில்லே மேடைக்கு வந்துவிடுகிறது. உடுக்கையும் குடமும் தாளமும் கூட வருகின்றன. அந்த வில்லைச் சென்னை சபாக்களுக்குள்ளும் வானொலிக்குள்ளும் கொண்டு போன சுப்பு ஆறுமுகம் ஐயாவுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மறு ஆண்டே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த டெல்லிக்கும் ஒரு கதைசொல்லி இருந்தார். மீர் பாக்கர் அலி. தாஸ்தான்கோ, அதாவது உருதில் நெடுங்கதை சொல்பவர். அமீர் ஹம்சாவின் சாகசங்களை வருஷக்கணக்கில் நீட்டிச் சொல்லக்கூடியவர். கடைசிக் காலத்தில் கேட்க ஆளில்லாமல் பாக்கு விற்றுப் பிழைத்தார் என்பார்கள். 1928இல் இறந்தார். அந்தக் கலையை மறுபடியும் மேடையேற்ற 2005 வரை ஆயிற்று. இடையில் 77 வருஷம்! சொல்ல வாய் இருந்தது, கேட்கத்தான் காது இல்லை. இதை மனதில் வையுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது ஒரு சம்பவம். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, சின்னதுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் இங்கே ஒரு அம்மன் கோயில் கொடை விழாவுக்கு, நாகர்கோவில் பக்கமிருந்து வில்லுப்பாட்டுக் குழு ஒன்றை வரவழைத்தோம். திருக்குறள் எக்ஸ்பிரஸில் வந்து நிஜாமுதீனில் இறங்கினார்கள். வில் வந்தது, வீசுகோல் வந்தது. குடமும் வந்தது, நாலு துண்டாக. வழியில் எவனோ பெட்டியை அதன் மேல் இறக்கியிருக்கிறான். மறுநாள் கொடை. குழுவை நடத்தும் அண்ணாவி ஓட்டுச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

‘டெல்லியில் குடத்துக்கா பஞ்சம்?’ என்று அவரை உத்தம் நகர் கும்பாரக் குடியிருப்புக்கு அழைத்துப் போனேன். தெரு நெடுக மட்கா, மண்குடம்தான். அண்ணாவி ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைப்பார், விரல் முட்டியால் தட்டுவார், வாயில் காதை வைப்பார். ‘இது சளி பிடிச்சது.’ அடுத்தது. ‘இது ஊமை.’ அடுத்தது. ‘இது வாய் ஓயாது, நமக்கு ஆகாது.’ கடைக்காரன் என்னிடம் இந்தியில் கேட்டான்: ‘ஒழுகுதா என்று பார்க்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும் சாப், இவர் ஏன் காதை ஊற்றுகிறார்?’

முப்பது குடம் ஆகியிருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவன் தாயார், அல்வர் பக்கத்துக்காரி, எழுந்து உள்ளே போய் ஒரு பழைய குடத்தைத் தூக்கி வந்தாள். தடித்த வயிறு, கழுத்தில் புகைக்கறை. அண்ணாவி தட்டினார். ‘கும்’ என்றது. மனுஷர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இடுப்பில் செருகியிருந்த பத்தியை, குடம் தட்டும் மட்டையை, எடுத்துக் குடத்தின் வாயில் அடித்துக்கொண்டு, தெருவிலேயே சம்மணம் போட்டு, ‘தந்தனத்தோம்’ என்று ஆரம்பித்துவிட்டார். முத்துப்பட்டன் கதை. ஒரு சொல் அவர்களுக்குப் புரியாது. ஆனால் அவர் ஒரு வரியைச் சொல்லி மூச்சு விட்டாரோ இல்லையோ, அந்த ஆயா ‘ஹூம்’ என்றாள். அடுத்த வரி. ‘ஹூம்.’ நம் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவாரே, அந்த இடம் தப்பவில்லை.

பிறகு கேட்டேன். அவர்கள் ஊரில் கதை நடக்கும்போது இப்படி ஹூம் கொட்டவே ஒரு ஆள் உட்காருவானாம். ‘பாத் மே ஹுங்காரோ, ஃபௌஜ் மே நகாரோ’ என்றாள். படைக்கு முரசு எப்படியோ, கதைக்கு ஹூம் அப்படி.

சரி, குடத்தைச் சும்மா கொடுத்திருப்பாள் என்று நினைக்கிறீர்களா? பழைய குடம் என்று இரண்டு மடங்கு விலை வாங்கினாள்.

இதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இங்கே நமக்குக் கதைசொல்லி பஞ்சமில்லை. ‘ஆமா’ போடத்தான் ஆளில்லை. விடிய விடியப் பாடுகிற முத்துப்பட்டனுக்கு இன்று 25 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். குறை சொல்லவில்லை, விழாக் குழுவினர் இரவு பகலாக உழைத்திருக்கிறார்கள், அதிலும் தலைவருடைய பொறுமை இருக்கிறதே! ஆனால் 25 நிமிடத்தில் பட்டன் மாடு மேய்க்கிற வீட்டுக்குக் கூடப் போய்ச் சேர மாட்டான். கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை 1965இல் பிரெண்டா பெக் என்ற கனடாக்கார அம்மா ஒலிநாடாவில் பிடித்தார். இரவு இரவாக உட்கார்ந்து கேட்டதால்தான் கிடைத்தது.

நம் பிள்ளைகளைப் பாருங்கள். ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்று சொல்லிக்கொண்டே மாமியார் வீட்டிலிருந்து வந்தவன், வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்றான், கொழுக்கட்டை மறந்து போயிற்று. அவன் தாண்டியது ஒரு வாய்க்கால். நாம் விந்தியமலையையே தாண்டி வந்திருக்கிறோம். பிள்ளை அத்திரிபாச்சா என்னாமல் வேறென்ன சொல்லும்?

அதனால் நான் ஆறு வருஷமாகக் கேட்பது ஒன்றுதான். மாதம் ஒரு ஞாயிறு, மாலை 4 முதல் 6 வரை, ஒரு மண்டபம், வாடகை இல்லாமல். எந்த மண்டபம் என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். சேலைக் கண்காட்சிக்கு என்ன வாடகையோ அதுவே உங்களுக்கும், மின்சாரம் தனி என்று பதில் எழுதினார்கள். மைக்கே வேண்டாம் ஐயா, விசிறியையும் அணைத்துவிடுங்கள் என்று எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. கதைக்குக் காலில்லை, படியேறிப் போய் மனுக் கொடுக்க என் முழங்காலும் இப்போது ஒத்துழைப்பதில்லை.

மணி அடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசவே இல்லை, அடுத்த விழாவில் பேசுகிறேன். வாசலில், காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன், போன தடவை காணாமல் போய்விட்டது. கையெழுத்துப் போடுங்கள், பிளாக் நம்பரோடு. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டால் அடுத்த பக்கமும் நிறையும்.

பின்னால் வில்லில் மணி குலுங்குகிறது. அண்ணாவி உட்கார்ந்துவிட்டார், அதே உத்தம் நகர்க் குடம். நான் இறங்குகிறேன்.