கத்தி உறையிலேயே இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"குறி தப்பிக் காயம்பட்ட மானின் வேதனையை முடிக்கச் சிறந்த வழி கத்தியா, இரண்டாவது தோட்டாவா?" இதுதான் தலைப்பு. நான் தோட்டாவின் பக்கம் நிற்கிறேன். சட்டம் அனுமதிக்கும் இடத்தில், அனுமதிக்கும் பருவத்தில், உரிமத்தோடு போகிற வேட்டைக்காரரைப் பற்றித்தான் பேச்சு. வேட்டை சரியா தவறா என்பதை இன்னொரு நாள் இதே மேடையில் வைத்துக்கொள்ளலாம். முதல் தோட்டா பட வேண்டிய இடத்தில் படவில்லை. மான் சாகவும் இல்லை. அந்த நொடியிலிருந்து என் வாதம் தொடங்குகிறது.

எதிரணி நண்பர் நான்கு காரணம் சொன்னார். கத்திக்குச் சத்தம் கிடையாது. கத்தி இறைச்சியைக் கெடுக்காது. கிட்டத்தில் சுட்டால் தோட்டா தெறித்துத் திரும்பி வரும். பிடரியில் ஒரே குத்துக் குத்தினால் உயிர் அக்கணமே போய்விடும். நான் நான்காவதிலிருந்து வருகிறேன், நடுவர் அவர்களே. அவர் கட்டிய வீடு முழுவதும் அந்தத் தூணில்தான் நிற்கிறது.

மண்டையோட்டுக்கும் முதல் கழுத்தெலும்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. தலையை முன்பக்கம் வளைத்தால் அது விரியும். கத்தி முனை அங்கே இறங்கினால் தண்டுவடம் அறுபடும், மான் துணி மாதிரித் தொய்ந்துவிடும். பார்ப்பவர் "முடிந்தது" என்று கையைத் துடைத்துக்கொள்வார். என்ன முடிந்தது? மூளையிலிருந்து உடம்புக்குப் போகும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. மூளைக்கு இரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கண் பார்க்கிறது, காது கேட்கிறது. மூச்சை இழுக்கும் தசைகளுக்குக் கட்டளை போகாததால் மூச்சு முட்டுகிறது. துடிக்கவும் முடியாது, குரல் எழுப்பவும் முடியாது. வேதனை நமக்குத் தெரியாமல் போனதைத்தான் வேதனை தீர்ந்துவிட்டதாக இத்தனை காலம் எண்ணியிருக்கிறோம். அதுவும் குத்து முதல் தடவையே சரியாக இறங்கினால்தான் இந்தக் கணக்கு. தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் விலங்கின் பிடரியில் அந்தச் சிறிய இடைவெளியைக் கத்தி முனையால் தேடுவதென்றால் இரண்டு குத்து, மூன்று குத்து ஆகும்.

சரி, பிடரி வேண்டாம், தொண்டையை அறுக்கலாம் என்பார்கள். அதிலும் உணர்வு உடனே போகாது. இரத்தம் வடிந்து, அழுத்தம் விழுந்து, மூளை மயங்குவதற்குப் பல வினாடிகள் பிடிக்கும். அந்த வினாடிகள் முழுக்க ஒருவர் அதன் கழுத்தை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். மான் காட்டு விலங்கு. பிறந்த நாள் முதல் மனிதக் கை பட்டறியாதது. நம் வாடை காற்றில் வந்தாலே ஓடுகிற உயிரின் மேல் முழங்காலை ஊன்றி உட்காருவதற்குக் கருணை என்று பேர் வைக்கலாமா? ஆபத்து நமக்கும்தான். கீழே கிடக்கும் மானின் குளம்பு உதைக்கும், கொம்பு திரும்பும். உதை கையில் பட்டால் கத்தி போய் நிற்கும் இடம் பெரும்பாலும் பிடித்தவரின் தொடை. தொடைத் தமனி அறுபட்டால் காட்டுக்குள் ஒரு மனிதர் சில நிமிடங்களில் உயிரை விட்டுவிடலாம்.

இப்போது ஒரு காட்சியைப் பாருங்கள். சுட்டவுடன் மான் மின்னல் தாக்கியதுபோல அதே இடத்தில் சாய்கிறது. நான்கு காலும் மேலே போகின்றன, காற்றை உதைக்கின்றன. சுட்டவர் மகிழ்ச்சியில் துப்பாக்கியை மரத்தில் சாத்திவிட்டுக் கத்தியை உருவிக்கொண்டு நடக்கிறார். பாதி வழி போவதற்குள் மான் எழுந்து நிற்கிறது, தடுமாறுகிறது, பிறகு ஓடியே போய்விடுகிறது. என்ன நடந்தது? முதுகெலும்புக் கோவையின் மேல் பக்கம் முள் முள்ளாக எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டா அந்த முள்ளில் மட்டும் பட்டிருக்கிறது. அந்த அடியின் அதிர்ச்சியில் தண்டுவடம் சற்று நேரம் மரத்துப்போனது. சில வினாடியிலோ சில நிமிடத்திலோ மரப்பு விலகியதும் கால் திரும்பக் கிடைத்துவிட்டது. நெஞ்சில் சரியாக அடிபட்ட மான் பெரும்பாலும் சிறிது தூரம் ஓடித்தான் விழும். பொத்தென்று விழுந்து காலை உதைக்கிற மானைக் கண்டால்தான் நாம் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும்.

அதனால் எங்கள் அணி சொல்வது இது. முதல் தோட்டா புறப்பட்ட அதே மூச்சில் துப்பாக்கியின் போல்ட்டை, அதாவது தோட்டா ஏற்றும் தாழை, இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். குழலின் மேலிருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். விழுந்த மான் தலையைத் தூக்கினாலோ, பின்னங்கால் செத்துப்போய் முன்னங்காலால் உடம்பை இழுத்தாலோ, நின்ற இடத்திலிருந்தே மறுபடி சுடுங்கள். 50 மீட்டரானாலும் 80 மீட்டரானாலும், நெஞ்சுக் கூடு தெரிந்து, பின்னால் மண் மேடு இருந்தால் கிட்டே போக வேண்டிய தேவையே இல்லை. வலியோடு பயமும் சேராமல் முடிக்க இந்தத் தொலைவுதான் உதவுகிறது. கத்தியால் இது முடியுமா, நண்பர்களே? காயமில்லாத மானை விலகி ஓடும் கோணத்தில் சுடக் கூடாது என்பது நல்ல வேட்டைக்காரரின் கட்டுப்பாடு. ஏற்கெனவே அடிபட்ட மானுக்கு அந்தக் கட்டுப்பாடு தளரும், ஏனென்றால் இங்கே சுடாமல் விடுவதுதான் பெரிய கொடுமை. பின்புலத்தில் ஆள், வீடு, சாலை இருக்கக் கூடாது என்ற விதி மட்டும் எதற்காகவும் தளராது.

அடுத்தது தோட்டா தெறிக்கும் என்ற வாதம். நண்பர் பேசியதிலேயே கனமான வாதம் இது, மதிக்கிறேன். பாறையிலும், உறைந்த தரையிலும், தண்ணீர்ப் பரப்பிலும் தோட்டா சறுக்கித் தெறிக்கும், உண்மை. அதற்காகத் தோட்டாவைக் கைவிட வேண்டாம், நாம் நிற்கும் இடத்தை மாற்றினால் போதும். மானைத் துளைத்து வெளியே வரும் தோட்டா எங்கே போகும் என்று முதலில் பார்க்க வேண்டும். மிருதுவான மண் அடியில் வரும்படி சுற்றி வந்து, செங்குத்தாகக் கீழ்நோக்கிச் சுட வேண்டும். கூட வந்தவர்கள் எல்லோரும் சுடுபவருக்குப் பின்னால். நாய் இருந்தால் கயிற்றில். குழல் முனையை மானின் மேல் ஒட்டி வைக்கவே கூடாது, அழுத்தம் திரும்பிக் குழல் வெடிக்க இடமுண்டு. ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். எலும்புத் துணுக்கு தெறிக்குமென்பதால் கண்ணாடி போட்டிருப்பது நல்லது. இத்தனையும் பார்ப்பதற்கு அரை நிமிடம் கூட ஆகாது.

நடுவர் அவர்களே, இரண்டாவது தோட்டா எப்படிப் பிசகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்கோப் குழலுக்கு மேலே 4 அல்லது 5 சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. 100 மீட்டரில் கண் பார்க்கும் கோடும் தோட்டா போகும் பாதையும் ஒரே புள்ளியில் சேரும்படி சரி செய்திருப்போம். 3 மீட்டரில் அவை இன்னும் சேரவில்லை. ஆகவே ஸ்கோப்புக்குள் தெரியும் கம்பிக் குறி எங்கே நிற்கிறதோ, அதற்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் கீழேதான் தோட்டா படும். நெஞ்சில் சுட்டால் இது பொருட்டில்லை. தலையில் சுட்டால் பேரிழப்பு. மானின் மூளை கைப்பிடிக்குள் அடங்கக்கூடியது. 4 சென்டிமீட்டர் கீழே இறங்கினால் மூளைக்குப் பதில் தாடையோ மூக்கோ சிதறும். தாடை போன மான் எழுந்து ஓடக்கூடும். விழுந்த இடத்தில் பல் துண்டும், எச்சில் கலந்த கோழையும் கிடக்கும். அதற்குப் பிறகு அது மேய முடியாது, பட்டினியில் நாள்கணக்கில் சாகும். ஆகவே கிட்டத்தில் சுடும்போது ஸ்கோப்பின் உருப்பெருக்கத்தை மிகக் குறைத்து வைக்க வேண்டும். அதிகமாக இருந்தால் மங்கலான ரோமத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. குறியைப் பட வேண்டிய இடத்துக்கு 4 சென்டிமீட்டர் மேலே பிடிக்க வேண்டும். இதை வீட்டில் அட்டை வைத்தே பழகலாம். காட்டில் முதன்முதலாக நினைவுக்கு வந்தால் காலம் கடந்துவிட்டது.

எங்கே சுடுவது? தலை ஆடாமல் கிடந்தால் பின்பக்கத்திலிருந்து, மண்டையும் கழுத்தும் சேரும் இடத்தில், தோட்டா மூக்கை நோக்கிப் போகும் கோணத்தில். மூளையே சிதைவதால் கத்திக் குத்தில் நேர்ந்த கொடுமை இதில் நேராது. முன்பக்கம்தான் தெரிகிறது என்றால், ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் காதின் அடிக்கு மனத்தால் ஒரு கோடு இழுங்கள். இரண்டும் வெட்டும் இடம்தான் குறி. கண்களுக்கு நேர் நடுவில் சுட்டால் கீழே போய்விடும். தலை ஆடிக்கொண்டிருந்தால் தலையை விட்டுவிடுங்கள், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சில் சுடுங்கள். உணர்வு போகச் சில வினாடி கூடுதலாகும், ஆனால் தவறாது. மானின் மூளையை நோய்ப் பரிசோதனைக்குக் கேட்கிற வட்டாரங்களிலும் நெஞ்சில் சுடுவதுதான் சரி.

மான் கண்ணுக்கு மறைந்து ஓடிவிட்டது. அப்போது? "தோட்டா அணி அவசரக்கார அணி" என்றார் நண்பர். பதறாத காரியம் சிதறாது என்பதை இந்த அணியும் அறியும். அடிபட்ட இடத்தில் குனிந்து பாருங்கள். இளஞ்சிவப்பாக, நுரைத்த இரத்தமென்றால் நுரையீரல், 30 நிமிடம் பொறுங்கள். கருஞ்சிவப்பென்றால் கல்லீரல், 3 முதல் 4 மணி நேரம். பச்சை கலந்து, மென்ற தழையும் நாற்றமுமாக இருந்தால் இரைப்பையோ குடலோ. குறைந்தது 6 மணி நேரம், குளிர் காலமானால் 12 வரை. இத்தனை நேரம் ஓர் உயிரைத் தவிக்க விடுவதா என்று கேட்கலாம். நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் துரத்தாத மான் சில நூறு மீட்டருக்குள் படுத்துவிடும், அங்கேயே அடங்கிவிடும் அல்லது நமக்குக் கிடைக்கும். துரத்தினால் கிலோமீட்டர் கணக்கில் போகும், இரத்தத் தடமும் நின்றுவிடும், பிறகு யாராலும் அதன் வேதனையை முடிக்க முடியாது. எலும்புச் சில்லு கிடந்து, கால் தொங்க ஓடியதென்றால் மட்டும் காத்திருந்து பயனில்லை. தடம் பழகிய நாயை நீளக் கயிற்றில் பிடித்து, துப்பாக்கியோடு உடனே தொடர வேண்டும். அங்கேயும் படுக்கையிலிருந்து எழும் மானுக்குத் தேவைப்படுவது தோட்டாதான். கத்தியோடு போனவர் அது எழுந்து மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இறைச்சி கெடும், சத்தம் கேட்கும் என்ற இரண்டுக்கும் நீளமாகப் பேச வேண்டியதில்லை. மண்டையடியில் பட்ட தோட்டா தின்னும் இறைச்சி ஒரு கையளவு தேறாது. நெடுநேரம் பயந்து போராடிய மானின் தசையில் சர்க்கரை தீர்ந்துபோகிறது. இறந்தபின் தசை புளிக்க வேண்டிய அளவு புளிக்காது. இறைச்சி கறுத்துப் பிசுபிசுத்து, சீக்கிரம் கெட்டுப்போகும். சத்தம் முதல் தோட்டாவிலேயே காடு முழுக்கக் கேட்டுவிட்டது.

கத்திக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. நாய்கள் மானைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, சுட்டால் நாய் சாகும். அல்லது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆட்கள் நிற்கிறார்கள். அங்கே நீண்ட, கூரிய கத்தியை முழங்கைக்குப் பின்னால் நெஞ்சுக்குள் ஆழ இறக்குவதுதான் வழி. அது வேறு வழியில்லாதபோது எடுப்பது. வழி இருக்கும்போதே அதை எடுக்கச் சொல்கிறார் நண்பர், அதைத்தான் மறுக்கிறேன்.

இரண்டாவது தோட்டாவும் போய்விட்டது. மறுபடி ஒன்றை ஏற்றிக்கொண்டு நின்று கவனியுங்கள். மூளையில் பட்ட மானின் கால்கள் சிறிது நேரம் ஓடுவதுபோல ஆடும். தண்டுவடம் தானாகச் செய்வது அது, மான் உணர்ந்து செய்வதில்லை. விலாவைப் பாருங்கள், சீரான மூச்சு இருக்கக் கூடாது. பிறகு முதுகுப் பக்கமாக நெருங்குங்கள். கண் மூடியிருந்தால் நம்பாதீர்கள், இறந்த மானின் கண் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். கைக்கெட்டாத தொலைவில் நின்று நீளமான குச்சி ஒன்றை எடுத்து, அதன் நுனியால் கருவிழியை மெல்லத் தொடுங்கள். இமை லேசாக அசைந்தாலும் பின்வாங்கி இன்னொரு தோட்டா. அசையவில்லை என்றால் சில நிமிடம் பொறுத்து இன்னொரு முறை தொடுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, ஓரமாக வைத்துவிட்டு, நண்பர் இவ்வளவு நேரம் பேசினாரே, அந்தக் கத்தியை உறையிலிருந்து உருவலாம்.

நடுவர் அவர்களே, வணக்கம்.