பையின் அடியில் மூன்று ரவைகள், கையில் ஒரு சுத்தியல்

வணக்கம். வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்தான் ரவை. ஈயத்துக்குப் பதிலாக வந்த இரும்பு ரவையையும், பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவையையும் காகிதத்தில் சுட்டுக் காட்டுகிறேன் என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். வரும். அதற்கு முன்னால் இந்தப் பையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

என் தோட்டாப் பை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நேற்று அதைக் கவிழ்த்தேன். அடியிலிருந்து மூன்று ரவைகள் உருண்டு வந்தன. ஏதோ ஒரு தோட்டாவின் வாய்மடிப்பு தளர்ந்து சிந்தியிருக்கிறது. எது என்றுதான் தெரியவில்லை.

மூன்று ரவைக்கா இவ்வளவு அலட்டல் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1991 முதல் காட்டு வாத்து வேட்டைக்கு ஈய ரவை நாடு முழுக்கத் தடை. வேட்டையின்போது கையில் வைத்திருந்தாலே குற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி முதல் ஈர நிலங்களிலும் அவற்றிலிருந்து 100 மீட்டருக்குள்ளும் சுடவும் கூடாது, எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. டென்மார்க் 1996-லேயே ஈய ரவையை மொத்தமாக மூட்டை கட்டிவிட்டது. நான் ஈயத்தை விட்டாயிற்று என்று உங்களிடம் எத்தனை வீடியோவில் பெருமையடித்திருக்கிறேன்! பையில் ஈயம் கிடந்தால் மானம் போகாதா?

சரி, காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஆக, இரும்பு இல்லை. இங்கேதான் சிக்கல். ஈயமும் காந்தத்தில் ஒட்டாது, பிஸ்மத்தும் ஒட்டாது. பார்வைக்கு இரண்டும் அதே சாம்பல் நிறம். எடை போடலாம் என்றால் என் தராசுக்கு மூன்று ரவை ஒரு பொருட்டே இல்லை, சுழியத்திலேயே நிற்கிறது. அரை மணி நேரம் இப்படியே போனது. அப்புறம்தான் பொறி தட்டியது: சுத்தியல்!

ஈயம் மென்மையானது, அடித்தால் தட்டையாகும். பிஸ்மத் நொறுங்கும். அதனால்தான் ரவை செய்யும்போது அதில் கொஞ்சம் வெள்ளீயம் கலக்கிறார்கள். அப்படியும் ஓங்கி அடித்தால் உடையும். முதல் ரவை, பொடி. இரண்டாவதும் பொடி. எனக்கு ஒரே குஷி. மூன்றாவதை அடித்தேன்... அப்பளம் மாதிரி தட்டையாகிவிட்டது. இதோ பாருங்கள். ஈயம்! பையை இன்னொரு முறை தட்டியதில் பக்கவாட்டு அறையில் எழுத்தெல்லாம் அழிந்த பழைய தோட்டா ஒன்று சிக்கியது. திருடன் அவன்தான்.

சொல்ல மறந்துவிட்டேன், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அடித்தேன், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அடித்தது வெளியே சிந்திய ரவையை மட்டும். முழுத் தோட்டாவின் மேல் யாரும் சுத்தியலை வைக்காதீர்கள், சாமி.

ஈயத்தின் மேல் ஏன் இந்த வெறுப்பு என்று புதிதாக வந்தவர்களுக்கு: வாத்துகள் தீனியை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். சேற்றில் கிடக்கும் ரவையையும் கல் என்று விழுங்கிவிடும். அரைவைப் பையில் அது தேய்ந்து, அமிலத்தில் கரைந்து, இரத்தத்தில் ஏறும். நாம் சுட்டு விழாத பறவைகூட நம் ரவையால் சாகிறது. அடிபட்டதைத் தின்னும் கழுகுகளுக்கும் இதே கதிதான்.

இனி இரும்பு. "இரும்பில் பறவை விழாது, காயத்தோடு பறந்துவிடும்" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். எந்த எண் ரவை போட்டீர்கள் என்று கேட்டால் (எண் குறையக் குறைய ரவை பெரிது), ஈயத்தில் போட்ட அதே 6 என்பார்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3, இரும்பு 7.8 சொச்சம். அதே அளவு ரவையில் மூன்றில் ஒரு பங்கு எடை கிட்டத்தட்டக் காணாமல் போகிறது, பிறகு எப்படி விழும்? இரண்டு எண் பெரிதாகப் போங்கள், 6-க்குப் பதில் 4. அமெரிக்க எண் என்றால் 17-லிருந்து கழித்தால் ரவையின் விட்டம் அங்குலத்தில் நூற்றில் எத்தனை பங்கு என்று வரும்: 6 என்றால் 11, 4 என்றால் 13. பிரிட்டிஷ் எண் வேறு கணக்கு, அங்கே 6 இன்னும் பொடிசு. இது தெரியாமல் ஒரு பெட்டியை வாங்கி நான் பட்ட பாடு பழைய வீடியோவில் இருக்கிறது, மறுபடி சிரிக்க வேண்டாம்.

காகிதச் சோதனைக்கு வருவோம். 35 கஜ தூரம், 30 அங்குல வட்டம். இரும்பு 4-ஆம் எண்ணில் 216 ரவைகளுக்கு 168 ஓட்டைகள் வட்டத்துக்குள். பேனாவால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணினேன். 140-இல் எண்ணிக்கை தப்பி, முதலிலிருந்து மறுபடி.

ஐயோ, சோக், அதாவது குழல் முனையின் குறுக்கம், எது என்று சொல்லவே இல்லையே. அரைச் சோக். இரும்பு நசுங்காது, அதனால் கூட்டம் கலையாமல் போகும், முழுச் சோக் தேவையே இல்லை. பெரிய இரும்பு ரவையை இறுக்கமான சோக்கில் திணித்தால் குழல் வீங்கும். பாறை மேல் பட்டால் தெறித்துத் திரும்பவும் செய்யும், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுடாதீர்கள்.

என் பழைய இரட்டைக் குழலுக்கு மட்டும் இரும்பு கிடையாது. அது ஈயக் காலத்தில் பிறந்தது, அதன் குழலில் கீறல் விழுவதைப் பார்க்க என்னால் முடியாது. அதற்குப் பிஸ்மத்தான். அடர்த்தி 9.6 அளவில், ஒரு எண் பெரிதாகப் போனால் போதும், குழலுக்கும் மெத்து. விலை கொஞ்சம் வலிக்கும். அங்கே வட்டத்துக்குள் 151, அதுவும் கால் சோக்கில். எனக்கு அது தாராளம்.

டங்ஸ்டன் பெட்டி இதோ மேசையில். அடர்த்தி 18, ஈயத்தையே தூக்கிச் சாப்பிடும். ஒரு தோட்டாவின் விலையை நினைத்தால் விசையில் விரல் வைக்கவே மனம் வரவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம், சத்தியம் எல்லாம் இல்லை.

பையைத் தூசி தட்டி, பிஸ்மத்துக்கு ஒரு டப்பா, இரும்புக்கு ஒரு டப்பா என்று பிரித்துவிட்டேன். பாருங்கள், எவ்வளவு சுத்தம்... இருங்கள். தையல் ஓரத்தில் என்னவோ உருளுகிறது. அடச்சே, நாலாவது. சுத்தியலை எங்கே வைத்தேன்?