சம்பளக் குறைப்பில் தொழிலாளி மட்டும் கொதிப்பது பொறாமையா?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஆலையில் எல்லோருக்கும் ஒரே விழுக்காடு சம்பளத்தைக் குறைத்தார்கள். அதிகாரிகளைக் கூட்ட அறைக்கு அழைத்துக் கணக்குக் காட்டி விளக்கினார்கள்; எங்களுக்குக் கேன்டீன் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அவர்கள் அமைதியாக இருக்கிறார்கள், நாங்கள் கொதிக்கிறோம். இது பொறாமையா?"

பொறாமை இல்லை, ஐயா. தனி அறை, கூட்டத்துக்கு அழைப்பு, கையெழுத்திடும் உரிமை என்று அதிகாரிக்குத் தன் மதிப்பை உணர்த்தும் அடையாளங்கள் அன்றாடம் பல இருக்கின்றன. இயந்திரத்தின் முன் நிற்பவருக்கோ நிர்வாகம் தன்னிடம் எப்படிப் பேசுகிறது என்பதே பெரும்பாலும் ஒரே அடையாளம்.

அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் 10 வாரங்களுக்கு 15 விழுக்காடு ஊதியம் குறைக்கப்பட்டது. ஓர் ஆலையில் நிறுவனத் தலைவரே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் காரணங்களை விளக்கி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கும் பதில் சொன்னார். மற்றதில் கால் மணி நேரத்தில் அறிவித்து முடித்துவிட்டார்கள். அந்த வாரங்களில் இரண்டு ஆலைகளிலும் பொருள் திருட்டு கூடியது என்றாலும், விளக்கம் கிடைக்காத ஆலையில்தான் அது மிக அதிகமாக இருந்தது. திருட்டை நான் நியாயப்படுத்தவில்லை. குறைந்த தொகை ஒன்றாக இருந்தும் மனக்காயம் வேறாக இருந்தது என்பதையே சொல்கிறேன்.

அதற்காக அதிகாரிகள் எதையும் தாங்குவார்கள் என்று எண்ண வேண்டாம். அவரே 1988-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் அறைகளைப் புதுப்பித்தபோது ஊழியர்கள் தற்காலிகமாக வேறு அறைகளுக்கு மாற்றப்பட்டார்கள். ஊதியம் மாறவில்லை; ஆனாலும் தம் பதவிக்கு மேற்பட்டவரின் அறை கிடைத்தவர்கள் கூடுதலாக உழைத்தார்கள், கீழ்நிலையினரின் அறைக்கு அனுப்பப்பட்டவர்களின் வேலை குறைந்தது. உங்கள் அதிகாரிகளுக்கும் அதே கேன்டீன் வாசல் நோட்டீஸ்தான் என்றிருந்தால், அவர்களும் கொதித்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

இன்னொன்று: விழுக்காடு ஒன்றானாலும் சிறிய சம்பளத்தில் விழும் வெட்டு நேராக மளிகைக் கடனிலும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திலும் போய் நிற்கிறது. ஆகவே கோபப்பட்டதற்காக வெட்கப்படாதீர்கள். அதிகாரிகளுக்குக் காட்டிய அதே கணக்கை உங்களுக்கும் காட்ட வேண்டும், குறைப்பு எந்த மாதம் முடியும் என்று சொல்ல வேண்டும் எனச் சங்கத்தின் வழியாக எழுத்தில் கேளுங்கள்.