சோறு படாத தட்டு

தலைவர் அவர்களே, நண்பர்களே,

சாப்பிட உதவாத ஒரு தட்டைப் பற்றிப் பேசத்தான் இன்று என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். பசியோடு வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

யார்க்‌ஷயர், தென் வேல்ஸ், டர்ஹம் என்று பிரிட்டனின் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்களில் பல வீடுகளின் முன்னறைச் சுவரில் பீங்கான் தட்டு ஒன்று மாட்டியிருக்கும். நடுவில் இரும்புக் கோபுரம். அதன் உச்சியில், ஆட்களைக் கூண்டில் ஏற்றிக் கீழே இறக்கிய பெரிய சக்கரம். ஓரத்தில், சுரங்க வாயு தீப்பற்றாதபடி 1815-இல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி வடிவமைத்தாரே, அந்த வகைப் பாதுகாப்பு விளக்கு. சுற்றிலும் சுரங்கத்தின் பெயர், தோண்டத் தொடங்கிய ஆண்டு, மூடிய ஆண்டு. விளிம்பில் பொன் கோடு. அரச குடும்பத்துக் கல்யாணத்துக்கும் முடிசூட்டுக்கும் போடுகிற தட்டு இருக்கிறதே, அதே தோரணை! ராணிக்குச் செய்கிற மரியாதையைக் கரி வெட்டியவன் யாரையும் கேட்காமல் தனக்கே செய்துகொண்டான். இந்தத் தட்டை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

தட்டு பிறக்கும் ஊருக்கு வருவோம். இங்கிலாந்தின் பீங்கான் தலைநகரம் ஸ்டோக்-ஆன்-டிரென்ட். போன் சைனா என்கிறோமே, அதில் ஏறக்குறைய பாதி மாட்டெலும்புச் சாம்பல்; மீதி வெள்ளைக் களிமண்ணும் ஒருவகைக் கல்லும். அந்த மண்ணும் கல்லும் கார்ன்வாலிலிருந்து கப்பலிலும் கால்வாயிலும் வந்தன. சூளையைக் கார்ன்வாலிலேயே வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு டன் மண்ணைச் சுடப் பல டன் நிலக்கரி வேண்டும். கரியை மண்ணிடம் கொண்டுபோவதைவிட மண்ணைக் கரியிடம் கொண்டுவருவது மலிவு. ஸ்டோக்கின் காலடியிலேயே கரி கிடந்தது. பக்கத்து சாட்டர்லி விட்ஃபீல்ட் சுரங்கம் 1937-இல் ஒரே ஆண்டில் பத்து லட்சம் டன் வெட்டியது. பிரிட்டனில் அந்த அளவை முதலில் எட்டியது அதுதான்.

கரி மட்டுமல்ல, நோயும் இரண்டு தொழிலுக்கும் பொது. முதல் சூட்டில் போன் சைனா கோணிவிடாமல் இருக்க அதைச் சிக்கிமுக்கிக் கல் பொடிக்குள் புதைத்துச் சுடுவார்கள். சுட்டபின் ஒட்டியிருக்கும் பொடியைத் தேய்த்துத் தட்டி எடுப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. அந்தத் தூசி நுரையீரலை இறுக்கியது. அந்தப் பக்கம் சுரங்கத்துக்குள் கணவனுக்குக் கரித்தூசி, இந்தப் பக்கம் பட்டறையில் மனைவிக்குக் கல்தூசி. பின்னாளில் சிக்கிமுக்கிப் பொடியின் இடத்துக்கு அலுமினா வந்தது. தட்டின் முகப்பில் இதெல்லாம் தெரியாது, அங்கே பூவேலைதான்.

இனி 1984. இருபது சுரங்கங்களை மூடப்போவதாகச் செய்தி வந்தது. இருபதாயிரம் பேருக்கு வேலை போகும். அந்த மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் அடுத்த மார்ச் 3-ஆம் தேதி வரை நீடித்தது. சுரங்கத் தொழிலாளர் சங்கக் கிளைகள் பல தட்டு போட்டது இந்தப் போராட்டத்தை ஒட்டித்தான். படத்தைப் பீங்கான் வண்ணங்களில் தாளில் அச்சடித்து, தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய படலமாக வழுக்கி எடுத்து, மெருகிட்ட தட்டின்மேல் ஒட்டுவார்கள். அடியில் நீர்க்குமிழி தங்காதபடி ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து விளிம்புக்கு வழித்துத் தள்ள வேண்டும். ஒரு குமிழி தங்கினாலும் சூளையில் அந்த இடம் பொரிந்துபோகும். விளிம்புக்குத் தட்டைத் திகிரியில் சுற்றவிட்டுத் தூரிகையை அசையாமல் பிடிப்பார்கள். பூசும்போது பழுப்பாக இருக்கும் திரவம் சுட்டபின் பொன்னாகும். நிஜப் பொன்தான், சந்தேகம் வேண்டாம். பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டால் போய்விடும் என்பது வேறு விஷயம். இந்த முறையில் சில நூறு தட்டுகள் மட்டும் கேட்டாலும் செய்து தரலாம். அதனால்தான் ஒரு சின்னக் கிளைகூடத் தன் பெயரில் தட்டு போட முடிந்தது.

அந்தத் தட்டில் ‘1984–85’ என்று இருப்பதை வெறும் ஆண்டுக் குறிப்பாகப் படிக்காதீர்கள். நாட்டிங்ஹம்ஷயரில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேராமல் வேலைக்குப் போனார்கள். 1985-இல் அங்கே தனிச் சங்கமே பிறந்தது. ஒரே தெருவில் அண்ணன் தம்பி பேச்சு முறிந்த ஊர்கள் உண்டு. அந்த ஆண்டைச் சுவரில் மாட்டியவர், நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லாமல் சொல்கிறார். தட்டு நடுநிலையான வரலாறு அல்ல. எனக்கு அதில் குறை தெரியவில்லை. முடிசூட்டுத் தட்டு மட்டும் நடுநிலையா என்ன?

பிறகு சுரங்கங்கள் மூட மூட வந்தவை பிரியாவிடைத் தட்டுகள். ஸ்டோக் இருக்கும் வட ஸ்டாஃபோர்ட்‌ஷயரின் கடைசி ஆழ்சுரங்கமான சில்வர்டேல் 1998-இல் மூடியது. நாட்டின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில். தட்டு செய்தவர்களும் தப்பவில்லை: ஸ்போட் என்ற பழைய பீங்கான் நிறுவனத்தின் ஸ்டோக் ஆலை 2008-இல் நின்றது.

இன்று இந்தத் தட்டுகள் பழம்பொருள் கடைகளில் அற்ப விலைக்குப் போகின்றன. கலை விமர்சகர்கள் மலிவுச் சரக்கு என்பார்கள். பீங்கான் காட்சிக்கூடத்தில் புகழ்பெற்ற வெட்ஜ்வுட் நிறுவனத்தின் ஜாடிக்குப் பக்கத்திலேயே இவற்றை வைக்க வேண்டும் என்பது என் கட்சி. வாங்கும் அருங்காட்சியகம் ஆலையின் பெயரை எழுதிக்கொள்வதோடு நிற்கக்கூடாது. எந்தக் கிளை போட்டது, யார் வாங்கினார், எந்த வீட்டில் எந்தச் சுவரில் தொங்கியது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சொல்லக்கூடியவர்களில் பலருக்கு இப்போது வயது எழுபதும் எண்பதும்.

வணக்கம்.