குயில்ட் தைத்து மிஞ்சிய துணியை என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் வணக்கம். மேசை மேல் இருக்கிற இந்தக் குவியலைப் பாருங்கள். ஒரு குயில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் போர்வை, தைத்து முடித்ததில் மிஞ்சியது இவ்வளவும். இதை ஒரு பையில் திணித்து அலமாரியில் வைத்துவிட்டால் அதன் கதை அவ்வளவுதான். கசங்கிக் கிடக்கும் துணியை வெளியே எடுத்து, இஸ்திரி போட்டு, அளந்து வெட்ட அப்புறம் மனசே வராது. அதனால் குயில்ட் முடிந்த கையோடு, இஸ்திரிப் பெட்டியும், துணி வெட்டும் சக்கரக் கத்தியான ரோட்டரி கட்டரும் மேசையில் இருக்கும்போதே, மிச்சத்தை அளவாக வெட்டிவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது 2.5 இஞ்ச் சதுரம். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் இஞ்ச் போனால் 2 இஞ்ச் நிற்கும். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரம் சேர்ந்தால் 6 இஞ்ச் கட்டம். அதற்குத் தேறாததை 1.5 இஞ்ச் பட்டையாக வெட்டுங்கள். ஆளுக்கொரு அளவாகத் துண்டுகள் கிடந்தால் எதுவும் எதோடும் சேராது. நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கவும் வேண்டாம். வெளிர் ஒரு டப்பா, அடர் ஒரு டப்பா, போதும்.

இப்போது இந்தக் கோணல்மாணல் பட்டைகள். ஒரு முனை அகலம், ஒரு முனை ஒடுக்கம். பலர் தூக்கிப் போடுவது இதைத்தான், எனக்கோ இதுதான் பொக்கிஷம். 6.5 இஞ்ச் சதுரமாக மெல்லிய காகிதம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை துணியில் ஏறிவிடும். மூலைக்கு மூலை குறுக்காக ஒரு பட்டையை நல்ல பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். அதன்மேல் இன்னொரு பட்டை, நல்ல பக்கம் கீழே பார்க்க, ஓரத்தோடு ஓரம் சேர்த்து. காகிதத்தோடு சேர்த்துக் கால் இஞ்ச் உள்ளே தள்ளித் தையுங்கள். மேல் பட்டையைப் புரட்டி இஸ்திரியால் அழுத்துங்கள். பாருங்கள், கோணல் எங்கே போனது? கோணலாக இருப்பதுதான் இதற்கு அழகே. இப்படியே முதல் பட்டையின் இரண்டு பக்கமும் மூலைவரை போய், காகிதத்தின் ஓரத்தை ஒட்டி நறுக்கிவிடுங்கள்.

இதில் இரண்டு விஷயம் முக்கியம். தையல் நீளத்தை 1.5 மில்லிமீட்டருக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் காகிதம் சுலபமாகக் கிழியும். ஆனால் உடனே கிழிக்காதீர்கள். பட்டைகள் குறுக்காக ஓடுவதால் கட்டத்தின் ஓரம் இழுத்தால் நீளும். கட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கும்வரை காகிதம்தான் அதைப் பிடித்து வைக்கும். காகிதம் ஊசியை மழுக்கிவிடும், அதனால் இந்த வேலைக்கென்று பழைய ஊசி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு கட்டத்தை, நடுப்பட்டைகள் வைர வடிவில் வளைத்து நிற்கும்படி திருப்பி வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் நடுப்பட்டை ஒரே நிறமாக இருந்தால், மற்றது எத்தனை நிறமானாலும் கண்ணுக்கு ஒழுங்கு தெரியும். எனக்கு அடர் நீலம் பிடிக்கும்.

2.5 இஞ்ச் சதுரங்களுக்கு என்று தனியாக நேரம் ஒதுக்கவே தேவையில்லை. வேறு எதையாவது தைக்கும்போது, ஒரு வரிசை முடிந்ததும் நூலை வெட்டாமல், ஜோடி சேர்த்த இரண்டு சதுரத்தை ஊசிக்கடியில் விடுங்கள். அடுத்த வரிசையை அதைத் தொடர்ந்தே தைக்கலாம். நூலும் வீணாகாது, கட்டங்களும் தானாகச் சேரும்.

பஞ்சு விரிப்பின் மிச்சமும் இருக்கிறது இல்லையா? இரண்டு துண்டின் ஓரத்தையும் நேராக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒட்ட வைத்து, அகலமான ஜிக்ஜாக் தையல் போடுங்கள். சின்னக் குயில்டுக்கு அது தாராளமாகப் போதும்.

இதற்கும் மிஞ்சிய நறுக்குத் தூளை ஊசி குத்தும் குட்டித் தலையணைக்குள் அடைத்துவிடலாம். பெரிய தலையணைக்கு வேண்டாம், கனத்துக் கட்டி கட்டியாகிவிடும். அடுத்த வீடியோவில் இந்தக் கட்டங்களைச் சேர்த்து முழுக் குயில்டாகத் தைக்கலாம், காகிதத்தைக் கிழிக்காமல் வைத்திருங்கள்.