பவுல் எச்சரித்த பிறகும் தத்துவம் எதற்கு? – நேயர் சந்தேகத்திற்கு விளக்கம்

"கொலோசெயர் 2:8-இல் அப்போஸ்தலர் பவுல் லௌகிக ஞானத்தை, அதாவது தத்துவத்தை, குறித்து எச்சரிக்கிறாரே, பிறகு இறையியல் மாணவர்கள் பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் ஏன் படிக்க வேண்டும்?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். படித்ததிலிருந்து மனத்தை விட்டு அகலாத கேள்வி இது.

அந்த வசனத்தை இறுதிவரை வாசித்தால், கிறிஸ்துவைப் பற்றி நில்லாமல் மனிதரின் பாரம்பரியத்தைப் பற்றி நிற்கும் ஞானத்தையே பவுல் விலக்குகிறார் என்பது விளங்கும். அதே பவுல்தான் ஏதென்ஸில், எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் எனும் தத்துவப் பள்ளியினர் கேட்டுக்கொண்டிருக்க, கிரேக்கக் கவிஞர் அராட்டஸின் வரியை எடுத்தாளுகிறார்.

நான் அடிக்கடி சொல்வது பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும்: தத்துவம் கேள்வியைக் கூர்மையாக்கும், விடையை வெளிப்பாடுதான், அதாவது தேவன் தம்மைத் தாமே வெளிப்படுத்தியதுதான், தர வேண்டும். 325-இல் நைசியாவில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் நடந்ததைப் பாருங்கள். குமாரன் "தேவனிடத்திலிருந்து" வந்தவர் என்று வேதத்தின் சொற்களிலேயே அறிக்கையிட ஆயர்கள் முனைந்தபோது, குமாரன் படைக்கப்பட்டவரே என்று போதித்த ஆரியுவின் ஆதரவாளர்கள் தங்களுக்குள் கண்ஜாடை காட்டி, சகலமும் தேவனிடத்திலிருந்து வந்ததுதானே, நாமும் இதற்கு உடன்படலாம் என்று பேசிக்கொண்டதாக, அந்தச் சங்கத்தில் உடனிருந்த அத்தனாசியார் எழுதுகிறார். வேத வசனத்தின் பொருளைக் காப்பதற்காகவே, வேதத்தில் இல்லாத "பிதாவோடு ஒரே தன்மையுடையவர்" என்ற தத்துவச் சொல்லாட்சியைச் சபை கையில் எடுத்தது.

அகுஸ்தீனாரிடமும் இதையே காண்கிறோம். ஆதியில் வார்த்தை இருந்தது என்பதைப் பிளேட்டோவியரின் நூல்களில் கண்டதாகவும், அந்த வார்த்தை மாம்சமானார், அதாவது குமாரன் மனிதரானார், என்பதை அங்கே காணவில்லை என்றும் தம் ஆன்மிக வரலாற்று நூலில் அவர் சொல்கிறார்.

நேயர் இன்னும் ஒரு படி மேலே சென்று, "தேவன் துன்பப்படுவாரா?" என்று கேட்டிருந்தால் பெரிதும் மகிழ்ந்திருப்பேன்; உண்மையான உரசல் அங்கேதான் இருக்கிறது. எதனாலும் பாதிக்கப்படாதவரே கடவுள் என்பது கிரேக்க ஞானிகள் பலரின் துணிபு. நற்செய்தியோ சிலுவையில் தொங்கியவரை ஆண்டவர் என்கிறது. 1972-இல் ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் அந்தக் கிரேக்கத் துணிபையே கைவிடச் சொன்னார். அவருடைய வேதனையை மதிக்கிறேன். ஆயினும், தெய்வீகத்தில் துன்பத்துக்கு ஆட்படாதவர், தாமே ஏற்ற மாம்சத்தில் மெய்யாகவே துன்பப்பட்டார் என்று ஐந்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் சிறில் சொன்னதையே நான் ஏற்கிறேன். துன்பம் கிறிஸ்துவை வீழ்த்தவில்லை, அவரே அதற்குள் இறங்கி வந்தார் என்பதை அந்த விளக்கம் விட்டுக்கொடுக்கவில்லை.