விதைநெல் மூட்டை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சான்றோர்களே, சம்பா அறுவடை வேலைகளுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். ‘நடுவயதில் பழைய கனவுக்காகப் பணம் சேர்த்து வேலையிலிருந்து விலகி நிற்பது குடும்பத்துக்குப் பலமா, பாரமா?’ என்ற தலைப்பில், பலமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பேசும்போது, “தண்ணீர் வராவிட்டால் அடுப்பு எரியாத பூமி இது, இங்கே இருந்துகொண்டு, சேர்த்த காசைக் கனவில் கொட்டலாமா?” என்று கேட்டார். அது எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. 2002-ஆம் ஆண்டு நான் தமிழ் இலக்கியத்தில் பட்டம் முடித்தேன். அந்த ஆண்டு ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கவில்லை, குறுவை போயிற்று. ஓலைச்சுவடி படிக்கக் கற்க வேண்டும், முதுகலையும் சேர வேண்டும் என்று வைத்திருந்த எண்ணத்தை மடித்து வைத்துவிட்டு, தனியார் நிறுவனமொன்றில் கணக்கெழுதப் போனேன். இன்றுவரை கணக்குதான் எழுதுகிறேன். அதற்காக யார் மீதும் எனக்குக் குறை இல்லை.

ஆனால் அந்த ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த இன்னொன்றை எதிரணித் தலைவருக்குச் சொல்ல வேண்டும். பத்தாயத்து நெல் அடிவரை தீர்ந்தது. மளிகைக் கடையில் அரிசியைக் கடனாக வாங்கினோம். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அப்போதும் கூடத்து மூலையில் தனியாகக் கட்டி வைத்திருந்த விதைநெல் மூட்டையின் கட்டை அப்பா அவிழ்க்கவில்லை. மழை வந்த பிறகு அதைத்தான் வயலில் தெளித்தார். பத்தாயம் சாப்பாட்டுக்கு, மூட்டை விதைப்புக்கு என்று எங்கள் முன்னோர் இரண்டையும் பிரித்தே வைத்தார்கள். எங்கள் அணி பேசுவது அந்தத் தனி மூட்டையைப் பற்றி. பிள்ளையின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம், முதுமைக்கான வைப்பு நிதி ஆகிய எதிலும் கைவைக்காமல், அவற்றுக்குப் பக்கத்தில் கட்டிவைக்கும் மூட்டை அது. பத்தாயத்தை உடைத்துக் கனவு காண்பவரை எதிரணியினர் கண்டிக்கட்டும். நாங்களும் சேர்ந்து கண்டிப்போம்.

அந்த மூட்டையை எப்படிக் கட்டுவது என்று கேட்பீர்கள். கணக்கெழுதுபவள் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். 2019 ஜூன் மாதம் என் 38-ஆம் வயதில், மாதம் 5,000 ரூபாய் கட்டும் ஆர்.டி. என்ற தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினேன். அப்போது வீட்டுச் செலவுக்கு என் பங்காக நான் கொடுத்துவந்தது மாதம் 15,000 ரூபாய். பத்தாண்டுகளில் நான் கட்டுவது 6 லட்சம். ஆண்டு வட்டி 6.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 8 லட்சத்து 40 ஆயிரமாகும். இதே காலத்தில் விலைவாசியும் ஏறும் என்பதை மறக்கிறவர்கள்தான் நடுவழியில் சிக்கிக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், அந்தப் 15,000 ரூபாய் 2029-இல் ஏறத்தாழ 26,900 ஆகிவிடும். சுவடி படிக்க நான் வேலையிலிருந்து விலகி நிற்க நினைக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு, இரண்டாம் ஆண்டின் ஏற்றத்தையும் சேர்த்தால், 6 லட்சத்து 64 ஆயிரம் வேண்டும். மீதி ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம். திரும்பி வந்து வேலை தேடும்போது ஆறு மாதம் தாங்குவதற்கு அது. என் மகளின் கல்லூரிச் செலவு வேறு கணக்கில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை என் கணவர் வைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். நிறுவனம் தரும் குழு மருத்துவக் காப்பீடு, வேலையை விட்டால் நம்மோடு வராது. தனிப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டுவரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். ஆகவே வேலையை விடுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அதை எடுத்துவிட வேண்டும். நான் எடுத்துவிட்டேன். இத்தனையையும் எண்ணி எண்ணிச் சேர்க்கும் ஒருத்தியைப் பொறுப்பற்றவள் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

அடுத்துப் பேசிய எதிரணி அன்பர் உ.வே.சாமிநாதையரைத் துணைக்கு அழைத்தார். கும்பகோணம் கல்லூரியில் 1880-இல் ஆசிரியராகச் சேர்ந்த ஐயர், அந்த வேலையில் இருந்துகொண்டே 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். கனவுக்கு வேலையை விடத் தேவையில்லை என்பதற்கு அவரே சான்று என்றார். ஐயரை நானும் வணங்குகிறேன். ஆனால் அவருடைய வேலை தமிழ் சொல்லிக்கொடுப்பது, அவருடைய கனவும் தமிழ். அவருக்கு வேலையும் கனவும் ஒரே வயல். பகலெல்லாம் பற்று வரவு எழுதுகிறவளுக்கு அது அப்படி அமையவில்லை. ஐயரே கூடச் சுவடி தேடி ஊர் ஊராகப் போனது பெரும்பாலும் கல்லூரி விடுமுறைகளில்தானே? தொடர்ந்து கிடைத்த அந்த நாட்கள் இல்லாவிட்டால் எத்தனை வீட்டுப் பரண்களை அவர் எட்டியிருப்பார்?

சுவடி படிப்பதை மாலை நேரத்து ஓய்வு வேலையாகச் செய்யலாமே என்பவர்கள் ஓர் ஓலையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. கொம்பில், கெ எது, கே எது என்ற குறில் நெடில் வேறுபாடு தெரியாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடாமல், பாட்டையும் உரைநடை போல ஒரே ஓட்டமாக எழுதியிருப்பார்கள். பழகிய ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் பகல் வெளிச்சத்தில் கண் பழக வேண்டிய கலை அது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையும் பேருந்தேறிப் போகும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் அவை திறந்திருப்பது நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில்.

எங்கள் பக்கத்துச் சான்றும் தஞ்சாவூரிலேயே இருக்கிறார். ஆபிரகாம் பண்டிதர் ஆசிரியர் வேலையை விட்டவர். சித்த மருந்துகள் செய்து பொருளீட்டி, அந்தப் பொருளைத் தமிழிசை ஆராய்ச்சியில் செலவிட்டார். ஐம்பதைக் கடந்த வயதில், 1912-இல், சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, இசை மாநாடுகளைத் தம் கைக்காசில் கூட்டினார். அவர் எழுதிய ‘கருணாமிர்த சாகரம்’ என்ற இசை நூல் 1917-இல் வெளிவந்தது. 1919-இல் அவர் மறைந்துவிட்டார். ஓய்வுபெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்ன எதிரணியினர் அந்த இரண்டு ஆண்டு இடைவெளியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு என்ற பேச்சுக்கு நம் வயலிலேயே பதில் இருக்கிறது. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நெல் நிற்கும்போதே அதற்குள் உளுந்தைத் தெளிக்கிறோம். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். அந்த ஈரத்திலும் தைப் பனியிலும்தான் உளுந்து வளர்கிறது. எல்லா வேலையும் முடியட்டும், களம் தூற்றி நெல் விற்றுக் காசு கைக்கு வந்த பிறகு தெளிக்கலாம் என்று இருந்தால், பங்குனி வெயிலில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். 58 வயதிலோ 60 வயதிலோ கையில் நேரம் இருக்கும். ஓலையின் கீறலைப் பிரித்தறியும் கண் இருக்குமா என்று எனக்கு உறுதியில்லை.

திரும்பி வந்தால் பழைய சம்பளம் கிடைக்காது என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன், குறையலாம். அதைத் தெரிந்தே, என் கணவரோடும் மகளோடும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்தேன். என் மாமியார் படுக்கையில் இருந்தபோது நான்கு மாதம் ஊதியமில்லா விடுப்பு எடுத்தேன். அதற்கு முன் மகப்பேற்றுக்கு எடுத்தேன். அவற்றைக் குடும்பத்துக்குப் பாரம் என்று எவரும் சொன்னதில்லை. மற்றவர்களுக்காக நின்ற அதே பெண், தன் சேமிப்பில், தனக்காக இரண்டு ஆண்டுகள் நிற்க நினைக்கும்போது மட்டும் அது எப்படிப் பாரமாகும்?

நடுவர் அவர்களே, எங்கள் வீட்டில் ஒரு மருத்துவச் சுவடிக் கட்டு இருந்தது. படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாததால், எங்கள் பாட்டனார் காலத்தில் ஓர் ஆடிப்பெருக்கு அன்று அதைக் குடமுருட்டி ஆற்றில் விட்டுவிட்டார்கள். அதில் ஓர் ஓலையை மட்டும் சிறுவனாக இருந்த என் அப்பா எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு, நான் மூட்டை கட்டும் செய்தி தெரிந்த பிறகு, அதை என்னிடம் கொடுத்தார். நாள்தோறும் எடுத்துப் பார்க்கிறேன். இரண்டாவது வரியில் ‘திப்பிலி’ என்ற ஒரு சொல் பிடிபட்டிருக்கிறது. ஆர்.டி. முடிய இன்னும் மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும் இருக்கின்றன. தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.